எதை ஏற்றாமல் விடுவது?

‘எல்டன் ரிங்’ விளையாட்டில் தரையிலிருந்து எழும் பொன்னிற ஒளிக்கீற்றின் அருகே அமர்ந்தால் ஒரு பட்டியல் திறக்கும். எட்டுப் பெயர்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். விகர் என்பது உயிர்பலம். மைண்ட், மந்திரங்களுக்குச் செலவாகும் சக்தியின் இருப்பு. என்டியூரன்ஸ், மூச்சுவாங்காமல் ஓடவும் பாரம் சுமக்கவும் வேண்டிய தாங்குதிறன். ஸ்ட்ரெங்த் உடல்வலு, டெக்ஸ்டெரிட்டி கைலாகவம். இன்டெலிஜென்ஸ் எனும் அறிவும் ஃபெய்த் எனும் பக்தியும் இருவேறு மந்திர மரபுகளுக்கு உரியவை. ஆர்கேன், எதிரியை ரத்தக்கசிவுக்கு ஆளாக்குவது போன்ற சில தனி வித்தைகளுக்கு. எதிரிகளை வீழ்த்திச் சேர்த்த ‘ரூன்’களைக் கொடுத்தால் ஒரு லெவல் ஏறலாம், ஒரு லெவலுக்கு ஒரே ஒரு புள்ளி. அதை இந்த எட்டில் எங்கே வைப்பது என்பதை ஆடுபவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த லெவலுக்கு ரூன் இன்னும் அதிகம் கேட்கும். செத்தால் கையிலிருந்த ரூன்கள் செத்த இடத்திலேயே விழும். அவற்றை எடுப்பதற்குள் மறுபடியும் செத்தால் அவ்வளவும் போச்சு. அப்படி உயிரைக் கொடுத்துச் சேர்த்த புள்ளியைப் புதிதாக ஆட வருபவர்களில் பலர் ‘எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்’ என்று பிரித்து வைக்கிறார்கள். நியாயமாகத் தோன்றும் அந்தப் பங்கீடுதான் அவர்களை வாட்டுகிறது.

ஹிடேடகா மியாசாகியின் இயக்கத்தில் ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரியில் வெளிவந்த விளையாட்டு இது. ஆக்‌ஷன் ரோல்-பிளேயிங் கேம் என்ற வகையைச் சேர்ந்தது. கண்ணும் கையும் வேகமாக இயங்க வேண்டிய சண்டை ஒரு பாதி. ஒரு பாத்திரத்தை எண்களால் வளர்த்தெடுப்பது மறுபாதி. இந்த இரண்டாம் பாதிக்கு வயது அதிகம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற மேசை விளையாட்டில் ஒரு வீரனின் வலுவையும் அறிவையும் தாளில் எண்களாக எழுதி வைத்துக்கொண்டு ஆடினார்கள். அந்தத் தாள்தான் இன்று திரையில் பட்டியலாக நிற்கிறது. எந்த எண்ணை எவ்வளவு ஏற்றுவது, எந்த ஆயுதத்தை எடுப்பது, எந்தக் கவசமும் தாயத்தும் அதற்குப் பொருந்தும் என்ற மொத்தத் திட்டத்துக்கு ஆடுபவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘பில்ட்’. நல்ல பில்ட் என்றால் பெரிய எண்களின் கூட்டம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்த விளையாட்டின் கணக்கைப் பொறுமையாகப் பார்த்தால் வேறொன்று புலப்படும். எதை ஏற்றக் கூடாது என்று முதலில் முடிவு செய்பவரிடம்தான் நல்ல பில்ட் அமைகிறது.

உயிர்பலத்தையே எடுத்துக்கொள்வோம். விகர் 10 என்றால் உயிர் அளவு 414. விகர் 25இல் அது 800, 40இல் 1,450, 60இல் 1,900. உச்ச எண்ணான 99இல் 2,100. 25இலிருந்து 40 வரை வைக்கும் ஒவ்வொரு புள்ளியும் சராசரியாக 43 அளவு உயிரைத் தருகிறது. 40இலிருந்து 60 வரை அது ஏறக்குறைய 22 ஆகிறது. 60ஐத் தாண்டினால் புள்ளிக்கு ஐந்துதான். யூரியா போடும் விவசாயிக்கு இது புதிதல்ல: முதல் மூட்டை பயிரைத் தூக்கி நிறுத்தும், இரண்டாவது கொஞ்சம் உதவும், மூன்றாவது காசுக்குக் கேடு. எட்டுக் குணங்களுக்கும் இப்படியொரு வளைவு உண்டு. வேகம் தளரும் அந்த இடங்களை ஆடுபவர்கள் ‘சாஃப்ட் கேப்’ என்பார்கள். ஆக, ஒரு புள்ளிக்கென்று நிலையான மதிப்பு கிடையாது. அது எந்த இடத்தில் விழுகிறது, வேறெங்காவது வைத்திருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்தால்தான் அதன் மதிப்பு தெரியும். எட்டிலும் சமமாகப் பிரித்து வைப்பவருக்கு எந்தக் குணமும் பலன் கொழிக்கும் பகுதிக்கு வந்து சேர்வதே இல்லை. அறிவு 25, பக்தி 25, உடல்வலு 25 என்று நிற்கும் பாத்திரம் மூன்று கதவுகளின் வாசலில் நிற்கிறது, ஒன்றிலும் நுழையவில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். உயிரை ஏற்றுவதில் என்ன கெட்டிக்காரத்தனம்? அடியின் கனத்தை ஏற்றினால் எதிரி சீக்கிரம் சாவான். அவன் செத்த பிறகு நம் உயிர் எவ்வளவு என்பது யாருக்கு வேண்டும்? கேட்க நன்றாக இருக்கும் இந்த வாதம், அடியின் கனம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்க்கத் தவறுகிறது. ஆயுதத்தின் சேதம் இரண்டு பகுதிகளின் கூட்டு. ஒன்று ஆயுதத்துக்கே உரிய அடிப்படைச் சேதம். மற்றொன்று, ஆடுபவரின் குணத்தைப் பொறுத்துச் சேரும் கூடுதல். இந்தக் கூடுதலின் அளவைக் காட்டத்தான் ஒவ்வொரு ஆயுதத்தின் பக்கத்திலும் எஸ், ஏ, பி, சி, டி, ஈ என்ற எழுத்துகள் இருக்கின்றன. கொல்லனிடம் கல் கொடுத்து ஆயுதத்தை மெருகேற்றும்போது அடிப்படைச் சேதம் உயர்வதோடு, அந்த எழுத்தின் பின்னாலிருக்கும் பெருக்கமும் சேர்ந்து உயர்கிறது. சாதாரண ஆயுதங்களை 25 படிகளும் சிறப்பு ஆயுதங்களை 10 படிகளும் இப்படி ஏற்றலாம். மெருகேறாத வாளை வைத்துக்கொண்டு உடல்வலுவில் பத்துப் புள்ளி போடுபவருக்குக் கிடைப்பது சொற்பம். அதே வாளை மூன்று நான்கு படி ஏற்றினால் கிடைப்பது அதைவிடத் தெளிவாக அதிகம், அதற்கு லெவல் புள்ளி ஒன்றுகூடச் செலவில்லை. தொடக்கத்தில் அடிக்குக் கல், உயிருக்குப் புள்ளி என்று பிரித்துக்கொள்வதுதான் சிக்கனம். ஸ்டார்ம்வேல் கோட்டை வழியில் நிற்கும் மார்கிட் என்ற எதிரியிடம் திரும்பத் திரும்பச் சாகும் புதியவர், அடியை மேலும் கூட்டுவதைவிட, அவன் அடிகளில் இன்னும் ஒன்றிரண்டைத் தாங்கும் உடலைச் சம்பாதித்தால் அதிகம் கற்றுக்கொள்வார். உயிரோடு இருக்கும் அந்தக் கூடுதல் நொடிகளில்தான் எதிரியின் அசைவு கண்ணுக்குப் பிடிபடும்.

திட்டத்தை எங்கே தொடங்குவது? முடிவிலிருந்து. ஆள் உயரத்தையும் மிஞ்சும் ‘கிரேட்ஸ்வார்ட்’ என்ற பெருவாள் ஒருவருக்குப் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கேலிட் என்ற செந்நிறப் பாழ்நிலத்தில் ஒரு வண்டியில் இருக்கும் பெட்டிக்குள் அது கிடக்கிறது. அதைப் பிடிக்க உடல்வலு 31, கைலாகவம் 12 வேண்டும். எடை 23. பத்துத் தொடக்க வகைகளில் ‘வேகபாண்ட்’ என்ற நாடோடி வீரனைத் தேர்ந்தால் லெவல் 9இல் விகர் 15, மைண்ட் 10, என்டியூரன்ஸ் 11, உடல்வலு 14, கைலாகவம் 13, அறிவு 9, பக்தி 9, ஆர்கேன் 7 என்று தொடங்குவார். கைலாகவம் ஏற்கெனவே போதுமானது. உடல்வலுவுக்கு இன்னும் 17 புள்ளி தேவை என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். ஆனால், ஆயுதத்தை இரு கைகளாலும் பிடித்தால் விளையாட்டு உடல்வலுவை ஒன்றரை மடங்காகக் கணக்கிடும். 21ஐ ஒன்றரையால் பெருக்கினால் 31.5. ஆக ஏழே புள்ளியில் வாள் கைக்கு வந்துவிடுகிறது. மிச்சப்பட்ட பத்துப் புள்ளியும் விகருக்குப் போகலாம். ஒரு விதியைத் தெரிந்துகொண்டதால் பத்து லெவல் மிச்சம் என்பது சிறிய விஷயமில்லை, அந்தக் கட்டத்தில் பத்து லெவல் என்பது பல மணி நேர உழைப்பு.

இதே வீரனை லெவல் 150 வரை கொண்டுபோவதாகக் காகிதத்தில் எழுதிப் பார்க்கலாம். கையில் 141 புள்ளி. விகரை 60 ஆக்க 45. உடல்வலு 66 இருந்தால் இரு கைப் பிடியில் அது 99 ஆகிவிடும் என்பதால் அதற்கு 52. மைண்ட் 20க்கு 10. இதுவரை 107 போனது. சற்று நேரம் அடியையும் காப்பையும் உயர்த்தும் ‘கோல்டன் வௌ’ என்ற பிரார்த்தனைக்குப் பக்தி 25 வேண்டும், அதற்கு 16. மீதி 18 என்டியூரன்ஸில் போய் அதை 29இல் நிறுத்துகிறது. கணக்கு கச்சிதமாக முடிந்தது போலிருக்கும். ஆனால் பெருவாளின் எடை 23 என்பதை மறக்கக் கூடாது. சுமக்கும் எடை மொத்தத் திறனில் 70 சதவீதத்தைத் தொட்டால் உருண்டு தப்பும் அசைவு கனத்துப்போகும். உருள்வது தாமதமானால் அடி விழும். என்டியூரன்ஸ் 29இல் இந்த வாளோடு கனமான கவசத்தையும் போட்டால் இடிக்கிறது. திட்டத்தைத் திரும்பப் பார்த்தால் இடுக்கு கண்ணில் படும்: உடல்வலு 80ஐத் தாண்டியதும் பெரும்பாலான ஆயுதங்களில் அதன் பலன் வெகுவாகச் சுருங்குகிறது. 54 வைத்தாலே இரு கைப் பிடியில் 81 வந்துவிடும். 66இலிருந்து 54க்கு இறங்கினால் 12 புள்ளி விடுபடும், என்டியூரன்ஸ் 41 ஆகும். அடியில் இழப்பது கொஞ்சம். கவசம், நெடுநேரம் வாள் வீசும் மூச்சு, லேசாக உருளும் உடல் என்று பெறுவது நிறைய. முதல் திட்டத்தில் 99 என்ற முழு எண்ணின் கவர்ச்சிதான் அந்த 12 புள்ளியைப் பிடித்து வைத்திருந்தது.

இன்னொரு சான்று, ‘ரடகனின் சோர்சீல்’ என்ற தாயத்து. இதுவும் கேலிட்டில், ஃபரோத் கோட்டையில் இருக்கிறது. அணிந்தால் விகர், என்டியூரன்ஸ், உடல்வலு, கைலாகவம் நான்கும் தலா 5 உயரும். பதிலுக்கு நாம் வாங்கும் அடி 15 சதவீதம் கூடும். இருபது லெவல் இலவசம் என்று கொண்டாடுபவர்களும் உண்டு, ஆபத்து என்று ஒதுக்குபவர்களும் உண்டு. கணக்குப் போட்டால் இரு தரப்பும் வெவ்வேறு காலத்தைப் பற்றிப் பேசுவது புரியும். விகர் 20 உள்ளவரின் உயிர் சுமார் 650. தாயத்தால் விகர் 25 ஆகி 800 வரும். 15 சதவீதக் கூடுதல் அடியைக் கழித்துப் பார்த்தால் பழைய கணக்கில் அது ஏறத்தாழ 695க்குச் சமம். அடி அதிகம் வாங்கியும் அவருக்கு லாபமே. விகர் 60இல் 1,900 உயிரோடு இருப்பவர் அணிந்தால் உயிர் 1,930 அளவுக்குத்தான் போகும். கூடுதல் அடியைக் கழித்தால் அது சுமார் 1,680க்குச் சமம். அவருக்குச் சுத்த நஷ்டம். பொருள் ஒன்று, விதி ஒன்று, அணியும் நேரம்தான் வேறு. லெவல் 30இல் வரமாக இருந்ததை லெவல் 120இல் கழற்றி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். இதனால்தான் முடிந்துபோன பில்டின் பட்டியலை மட்டும் காப்பியடிப்பதில் பெரிய பயனில்லை என்பது என் உறுதியான கருத்து. லெவல் 150இல் என்ன இருக்க வேண்டும் என்று அது சொல்லும். லெவல் 40இல் எதை முதலில் எடுப்பது என்று சொல்லாது. பாதி வழியில் நிற்பவருக்கு வேண்டியது அந்த வரிசைதான்.

பலன் எப்போதும் வளைவாகவே குறையும் என்றும் இல்லை. சில விளையாட்டுகளில் அது படிக்கட்டாக இருக்கும். பிளிஸார்டு நிறுவனம் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ‘டயாப்லோ 2’ இதற்கு உதாரணம். அதில் சூனியக்காரி மந்திரம் வீசும் வேகத்தை உடைமைகளால் கூட்டலாம். ஆனால் விளையாட்டு நொடிக்கு 25 சட்டகங்களாக ஓடுவதால் வேகம் முழுச் சட்டகமாகத்தான் மாறும். பெரும்பாலான மந்திரங்களுக்கு அந்த எண் 63ஐத் தொட்டால் வீச்சுக்கு 9 சட்டகம் ஆகும். 105ஐத் தொட்டால் 8. நடுவிலுள்ள 64 முதல் 104 வரை எந்த எண்ணும் எந்த மாற்றத்தையும் தராது. 104 வைத்திருப்பவரும் 63 வைத்திருப்பவரும் ஒரே வேகத்தில்தான் வீசுகிறார்கள். நாற்பது சதவீதத்துக்கு மேல் அங்கே வீணாகிக் கிடக்கும். லெவலுக்கு ஐந்து புள்ளி கொடுத்த அந்த விளையாட்டில், வைத்த புள்ளியைத் திரும்ப எடுக்கும் வசதி 2010இல்தான் வந்தது. அதுவரை பத்து ஆண்டுகளாக ஆடியவர்கள் கண்டடைந்த வழி ஒன்றுண்டு: கவசத்தையும் ஆயுதத்தையும் அணியத் தேவையான அளவுக்கு மட்டும் உடல்வலு, கேடயத் தடுப்பு வேண்டுமென்றால் அதற்குரிய கைலாகவம், மந்திர சக்திக்குப் பெரும்பாலும் ஒன்றுமே இல்லை, மீதியெல்லாம் உயிருக்கு. மந்திரக்காரிக்கு மந்திர சக்தியில் ஒரு புள்ளியும் வேண்டாம் என்பது வெளியாளுக்கு விநோதமாகப் படும். அந்தச் சக்தியை உடைமைகளாலும் குப்பிகளாலும் ஈடுகட்ட முடியும், உயிரை அவ்வளவு எளிதில் ஈடுகட்ட முடியாது என்று அனுபவத்தில் கண்டவர்களின் தீர்ப்பு அது.

‘இதெல்லாம் எதற்கு, கைத்திறன் இருந்தால் போதாதா’ என்ற கேள்வி நேர்மையானது. எல்டன் ரிங்கை லெவல் 1இலேயே, எல்லாக் குணமும் பத்தாகத் தொடங்கும் ‘ரெட்ச்’ என்ற வகையை வைத்தே முடித்தவர்கள் இருக்கிறார்கள். மலேனியா என்ற மிகக் கடுமையான எதிரியைத் தனியே எதிர்கொள்ள மற்றவர்கள் உதவிக்கு அழைத்த, ‘லெட் மீ சோலோ ஹெர்’ என்ற பெயரில் ஆடிய ஒருவர் 2022இல் உலகமெங்கும் பேசப்பட்டார். கவசம் இல்லாத உடம்பு, தலையில் ஒரு ஜாடி, இரு கைகளில் இரண்டு கட்டானா வாள்கள். அந்தக் கோலம் எண்களை அலட்சியம் செய்வதாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கட்டானாவில் ஒன்று ரத்தக்கசிவை உண்டாக்குவது. கசிவு நிரம்பியதும் எதிரியின் மொத்த உயிரில் ஒரு குறிப்பிட்ட சதவீதம் ஒரே நொடியில் போகும். எதிரி எவ்வளவு பெரிய உயிரோடு இருக்கிறாளோ அவ்வளவுக்கு அந்த இழப்பும் பெரிது. மலேனியாவுக்கு ரத்தக்கசிவு ஏறும். வேகமாக வெட்டும் இரட்டை ஆயுதம் அதை விரைவாக நிரப்பும். கவசத்தை விட்டது துணிச்சல், ஆயுதத்தைத் தேர்ந்தது கணக்கு. லெவல் 1 ஆட்டக்காரர்களின் கதையும் அதுவே. லெவல் புள்ளிகளைத்தான் அவர்கள் துறக்கிறார்கள். ஆயுத மெருகு, தாயத்து, குப்பிக் கலவை, எந்த எதிரிக்கு எந்தச் சேதம் ஏறும் என்ற அறிவு, இவை எல்லாவற்றையும் மற்ற எவரையும்விட நுணுக்கமாகத் திட்டமிடுகிறார்கள். திறமை உயர உயரத் திட்டத்தின் தேவை இடம் மாறுகிறது. திறமை வளராத சாதாரண ஆளுக்கோ, வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் ஆடுபவருக்கோ, அந்தத் தேவை இன்னும் அதிகம்.

இதைவிட எனக்கு மனத்தில் உறைக்கும் மறுப்பு வேறு: இப்படிக் கணக்குப் பார்த்தால் ஆட்டம் கணக்கேடாகிவிடாதா, ஒரு பாத்திரமாக வாழும் சுகம் போய்விடாதா? எல்லோரும் ஒரே ‘சிறந்த’ பில்டைத் தேடி ஓடும்போது அது நடக்கத்தான் செய்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த விளையாட்டில் ஏறக்கூடிய உச்ச லெவலைப் பாருங்கள்: 713. எட்டுக் குணமும் 99 ஆகும் இடம் அது. நாடோடியாகத் தொடங்கினாலும் சோதிடராகத் தொடங்கினாலும், 713க்கு வந்த இருவரின் எண்களுக்குள் ஒரு வித்தியாசமும் இருக்காது. ஒருவரை ஒருவர் எதிர்த்து ஆடுபவர்கள் 125 என்றும் 150 என்றும் தங்களுக்குள் ஓர் எல்லை வகுத்துக்கொண்டு, ரூன் கொட்டிக் கிடந்தாலும் அதற்கு மேல் ஏறாமல் நிற்பது இதனால்தான். புள்ளி பற்றாத வரைதான் ஒருவர் மந்திரவாதி, ஒருவர் வாள்வீரர். பெருவாள்காரரால் வால்மீன் மந்திரத்தை வீச முடியாது என்பதே அவரைப் பெருவாள்காரராக்குகிறது. கணக்கு எதை விடுவது என்று மட்டும் காட்டும். யாராக இருப்பது என்ற விருப்பத்தை ஆடுபவர்தான் அதற்கு முன்பே கொண்டுவர வேண்டும். பிடித்த ஆயுதத்தை முதலில் எடுத்து, அதற்காகக் கணக்குப் போடுபவருக்குச் சுகம் குறைவதில்லை.

மாற்றிக்கொள்ள வழியிருக்கும்போது முன்கூட்டித் திட்டம் எதற்கு என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ராயா லுகாரியா கல்விக்கூடத்தில் ரென்னாலா என்ற எதிரியை வென்ற பிறகு, ‘லார்வல் டியர்’ என்ற பொருளைக் கொடுத்தால் புள்ளிகளை முழுவதும் திரும்பப் பிரிக்கலாம். ஆனால் அந்தப் பொருள் எண்ணிக்கையில் வரம்புள்ளது. தொடக்க வகையின் எண்களுக்குக் கீழே எதையும் இறக்கவும் முடியாது. மந்திரவாதியாகத் தொடங்கியவர் பெருவாளுக்கு மாறினால் அறிவில் கிடக்கும் புள்ளிகள் கடைசிவரை அங்கேயே கிடக்கும். ஒரு தவறைத் திருத்திக்கொள்ள அது அருமையான வசதி. திட்டத்துக்கு மாற்றாக வைத்துக்கொண்டால் சீக்கிரமே கை வறண்டுவிடும்.

2024 ஜூன் 21 அன்று வந்த ‘ஷேடோ ஆஃப் தி எர்ட்ட்ரீ’ விரிவாக்கம் இந்த வாதத்தைப் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தது. நூற்றைம்பது, இருநூறு என்று லெவல் ஏறியவர்கள் அதில் வரும் நிழல் நிலத்துக்குள் நுழைந்து முதல் எதிரிகளிடமே வீழ்ந்தார்கள். அங்கே அடியையும் காப்பையும் உயர்த்துவது ரூன் இல்லை, நிலமெங்கும் சிதறிக் கிடக்கும் ‘ஸ்கடூட்ரீ’ துண்டுகள். அவற்றைத் தேடி எடுத்தால் 20 படி வரை ஓர் அருள் ஏறும். பழைய எண்களை நம்பி நேரே பெரிய எதிரிகளிடம் போனவர்கள் கடினம் என்று குமுறினார்கள். பக்கத்துப் பாதைகளில் அலைந்து துண்டு சேர்த்தவர்களுக்கு அதே எதிரி வழிக்கு வந்தான். சில நாட்களிலேயே ஃப்ரம்சாஃப்ட்வேர் ஒரு திருத்தம் வெளியிட்டது. அருளின் முதல் பாதிப் படிகளில் பலன் முன்பைவிட வேகமாகக் கூடும்படியும், பின்பாதியில் மெதுவாகக் கூடும்படியும் அந்த வளைவை அவர்களே வளைத்து வைத்தார்கள்.